அடுப்படித் தரைக்குக் கீழே நல்ல தண்ணி

கண்ணு நந்து,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சந்தேகம் இருந்தால் நம் திருப்பூர் ராயபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். தரைக்குள் பைப்பைப் புதைத்தால் ஒருநாள் அது நம்மைத் தோண்ட வைக்கும் என்று சொன்னேன். நீ பெங்களூருக்குப் போனால் எங்களை மாதிரி உரக்கப் பேசுவதையே விட்டுவிடுவாய் என்று சொன்னேன். உனக்கு அமைகிற பெண் கண்ணாடி போட்டவளாக இருப்பாள் என்று நீ பள்ளிக்கூடம் போகும்போதே உன் சித்தியிடம் சொன்னேன். வரப்போகிற மருமகள் கண்ணாடி போட்டிருக்கிறாளா இல்லையா? சிலவற்றை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், சிலவற்றை மனசுக்குள் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனால் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நின்ற காலத்தில், துணியைக் கையில் தொட்டதுமே இது துவைத்தால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிற பையர்கள் முதலாளியை விட்டுவிட்டு என்னைத்தான் தேடுவார்கள். ஒரு ஜெர்மன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். அது வேறு கதை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். வாங்கப்போகிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிட நினைப்பதாகவும், ஹாலில் ஒரு டைல்ஸ் மட்டும் மிதித்தால் வேறு மாதிரி சத்தம் கேட்பதாகவும் சொன்னாய். "தரைக்கு அடியில தண்ணி கசிஞ்சா எப்படிங்க சித்தப்பா கண்டுபிடிக்கறது?" என்றாய். உன் சித்தி போன பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதெல்லாம் கேள்வியில் சேராது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாய்: "சீரெல்லாம் மண்டபத்துலயே வெச்சுக்கலாங்க. நான் ஊட்டுக்கு வரலீங்க."

மாப்பிள்ளை சொந்த வீட்டில் சீர்ச் சடங்கை முடித்து, அந்த வாசலிலிருந்து கிளம்பித்தான் மணவறைக்குப் போகவேண்டும் என்பது நம் பக்கத்து முறை. அந்த முறைக்காக இதை எழுதவில்லை. முறையை எல்லாம் நான் எத்தனை தடவை மீறியிருக்கிறேன் என்று ஊருக்கே தெரியும். கருமாதி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனவன், திதிக்கு வந்தபோதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் தங்கினாய். என்னை அங்கே வரச்சொல்லி டிபன் வாங்கிக் கொடுத்தாய். லாட்ஜ் பையன் என்னைப் பார்த்து, "விருந்தாளியாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? உன்னை இந்த வீட்டுக்குள் ஒருமுறையாவது நடக்க வைக்கவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ கேட்டதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே தரையைப் பற்றியது.

உன் அப்பன், என் அண்ணன், லாரியில் அடிபட்டுப் போனபோது நீ அரைஞாண் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்தாய். உன் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். உன் சித்தி துளசி உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், நீ பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கீழே இறக்கவில்லை. நீ இறங்கினாய், குடம் ஏறியது. நம் வீடு எப்படிப்பட்டதென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பெட்டி மாதிரி நீளம். நகராட்சியின் நல்ல தண்ணி விழுகிற தொட்டி முன்வாசலில், அடுப்படி கடைசியில். போர்த் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ வைத்தால் திரிந்துபோகும். ஆகவே சமையலுக்கும் குடிக்கவும் ஒவ்வொரு குடமாக அவள் இடுப்பில்தான் அத்தனை தூரம் போனது. நீ வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியதும் லீவு போட்டு வந்தாய். "இனி நீங்க கொடம் தூக்கக் கூடாதுங்க சித்தி" என்றாய். மாடியில் நல்ல தண்ணிக்கென்று தனியாக ஒரு டேங்க், அங்கிருந்து சுவரோடு இறங்கி, தரைக்குள் ஓடி, அவள் கை எட்டுகிற இடத்தில் ஒரு குழாய். தரையைத் தோண்டியது தோண்டியாகிவிட்டது, பழைய சிவப்புத் தரைக்குப் பதிலாக டைல்ஸும் போட்டுவிடலாம் என்றாய். நீலப் புள்ளி வைத்த டைல்ஸ் நீ தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தாயே, அதுபோல ஒரு முகம் அவளுக்கு எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை. அன்றைக்கு என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துதான் இருந்தாள்.

பைப்பை வைத்து, மண்ணைத் தள்ளி, கலவை கொட்டவேண்டிய நாள் வந்தது. டேங்கில் ஒரு சொட்டு இல்லை. தண்ணி வருகிற முறைக்கு இன்னும் நாள் இருந்தது. கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தண்ணி உட்டு ஒரு நா வெச்சுப் பாத்துப்போட்டு மூடறதுதானுங்க மொறை" என்றார். உன் லீவு மறுநாளோடு முடிகிறது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"மூடிரலாங்களா சித்தப்பா?"

"மூடு கண்ணு. பைப்பு புதுசு, பசை புதுசு. பழசுலதான் ஓட்டை வரும்" என்றேன்.

உன் சித்தி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "தண்ணி வர்ற வரைக்கும் நான் வெளிய அடுப்பு வெச்சு ஆக்கிக்கறனுங்க. என்ன அவசரம்?" என்றாள். "பையன் போறதுக்குள்ள தரையக் கண்ணுல பாக்க வேண்டாமா அம்மிணி" என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், மூடச்சொன்னது நீ என்று உன் தலையில் பதிந்துபோயிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். நீ சொல்லவில்லை. நீ கேட்டாய். சொன்னது நான். தண்ணி எப்போது வருமோ என்று பார்த்துப் பார்த்து வாழ்கிற ஊரில், தண்ணி இல்லாத நாளில் தண்ணிப் பைப்பை மூடினோம். ஒரு டிராக்டர் தண்ணிக்குச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் வந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு யோசனை உள்ளவனுக்கு அது ஒன்று தோன்றவில்லை. நீ வாங்கப்போகிற வீட்டில் கட்டியவரிடம் முதலில் இதைக் கேள். தரையை மூடுவதற்கு முன்னால் பைப்பில் தண்ணீர் ஏற்றி வைத்துப் பார்த்தீர்களா, பார்த்தபோது யார் இருந்தார்கள் என்று கேள். கேட்டதும் அவர் டைல்ஸின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கசிவு வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது தரை இல்லை கண்ணு, டேங்க். அதற்கு முன்பெல்லாம் ஒரு முறை பிடித்த தண்ணி அடுத்த முறை வரைக்கும் தாராளமாக வரும். குழாய் வந்த பிறகு நடுவிலேயே தீர்ந்தது. குழாய் இருந்தால் கை தாராளமாகும் என்று துளசியைத் திட்டினேன். அவள் இன்னும் சிக்கனமாக அரிசி கழுவினாள். அப்போதும் தீர்ந்தது. பக்கத்து லைன் வீட்டில் ஒரிசாப் பையன்கள் குடியிருக்கிறார்களே, அவர்கள் மாடி ஏறி மொண்டு போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதில் உயரமான பையன் ஒருவன், "அங்கிள், நாங்க எடுக்கல. நாங்க கேன் வாங்குது" என்றான். "கேனு எதுக்குடா, என்ற டேங்கு இருக்கும்போது" என்றேன். டேங்க் மூடியில் ஓட்டை போட்டுப் பெரிய பூட்டு ஒன்று பூட்டினேன். திருப்பூரிலேயே தண்ணி டேங்குக்குப் பூட்டுப் போட்ட முதல் ஆள் நான்தான். மேலே பூட்டிவிட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். கீழே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பூட்டுக்குப் பதிலாக நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். சாயங்காலம் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டு, டேங்குக்குள் ஒரு குச்சியை நேராக விட்டு, எதுவரைக்கும் நனைகிறது என்று பார்க்கவேண்டும். காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன்னால் மறுபடி விட்டுப் பார்க்கவேண்டும். ஈரம் இறங்கியிருந்தால் தண்ணி எங்கேயோ போகிறது. பிறகு அடுப்படிக்குப் போகிற வால்வை மட்டும் மூடிவிட்டு அதையே இன்னொரு நாள் செய்யவேண்டும். இப்போது இறங்கவில்லையென்றால் எந்தப் பைப் என்று தெரிந்துவிட்டது. இதற்குப் படிப்பு வேண்டாம், குச்சி போதும். உங்கள் ஊரில் மீட்டர் இருக்குமென்றால் இன்னும் சுலபம். எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் முன்னால் நில். முள் நகர்ந்தால் உன் காலுக்கடியில் யாரோ தண்ணி குடிக்கிறார்கள்.

தரையைச் சொன்னவள் உன் சித்தி. "ஏனுங்க, இந்த எடத்துல மட்டும் காலு சில்லுனு இருக்குதுங்க" என்றாள். வெயில் காலத்தில் சில்லென்று இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள், அங்கே பாயைப் போட்டுப் படு என்றேன். டைல்ஸ் இணைப்பில் எறும்பு வரிசை கட்டி மேலே வந்தது. அப்புறம் அந்த இணைப்பிலேயே வெள்ளையாக உப்புப் பூத்தது. சுவரின் அடியில் பெயிண்ட் கொப்பளித்தது. பின்கதவு நிலையில் இடித்துக்கொண்டு சாத்திக்கொள்ள மறுத்தது. கதவு உப்பிவிட்டது என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னேன். இழைத்தார், சாத்திக்கொண்டது. கொஞ்ச நாளில் மறுபடி இடித்தது, மறுபடி இழைத்தார். "கதவுல கொறை இல்லீங்க, நெலைதான் எறங்குது" என்று அவர் சொன்னதற்கு, "உனக்கு இழைக்கத் தெரியலைன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். தொழில் விஷயத்தில் நான் யாரையும் கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொண்டதில்லை, என்னைத் தவிர. நீ பார்த்த அந்த வீட்டில் கதவுகளை எல்லாம் ஒருமுறை சாத்திப் பார். ஒரு கதவு மட்டும் அடியில் புதிதாக இழைக்கப்பட்டிருந்தால் கதவைப் பார்க்காதே, அதற்குக் கீழே பார். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டு. நிறைந்த இடம் ஒரு மாதிரி சொல்லும், மண் அரித்துப்போன இடம் வெற்றுப் பெட்டி மாதிரி சொல்லும். மின்விசிறியை எல்லாம் நிறுத்திவிட்டுக் காதைத் தரையில் வை. கேட்கும். துளசிக்குக் கேட்டது. "தரைக்குள்ளாற ஆரோ மூச்சு உடறாப்பல இருக்குதுங்க" என்று சொன்னாள். நான் சிரித்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது நான் பேச்சை மாற்றினேன். இப்போது சொல்கிறேன். ஈரம் தரைக்கு மேலேயே வந்த அன்று, உனக்குப் போன் போடுகிறேன் என்று நான் எடுத்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையன் ஆசையாப் போட்டுக் குடுத்த தரைங்க. சொன்னா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பான், வந்து ஒடைப்பான். வேண்டாங்க" என்றாள். கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற பனியன் துணி வேஸ்டை மூட்டையாகக் கொண்டுவரச் சொல்லி, ஈரத்தின்மேல் பரப்பி வைத்தாள். காலையில் எடுத்துப் பிழிவாள், வெயிலில் போடுவாள், காய்ந்ததை மறுபடி பரப்புவாள். நீ தீபாவளிக்கு வந்தபோது எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிட்டு, தரையைப் பளபளவென்று துடைத்து, "எப்படி வெச்சிருக்கறேன் பாரு கண்ணு" என்றாளே, நீ செல்போனில் படம்கூட எடுத்தாய். அதனால் உன் வீட்டில் ஒன்றைச் செய். யார் ஆசையாகப் போட்டுக் கொடுத்ததாக இருந்தாலும், உன் மாமனார் போட்டுக் கொடுத்ததாகவே இருந்தாலும், ஈரம் தெரிந்த அன்றைக்கே உடைத்துவிடு. மனசு நோகும் என்று பார்க்காதே. உடைத்த தரையை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்துச் சொல்வதற்குத்தான் கை கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அடுப்படிச் சுவருக்கு வெளியே, வேலி ஓரத்தில் ஒரு பப்பாளி தானாக முளைத்தது. அந்தக் கோடையில் தெருவில் இருந்த செடியெல்லாம் கருகியபோது அது மட்டும் கூரையைத் தாண்டியது. காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு. அடியில் மண் எப்போதும் ஈரம். கம்பியால் குத்திப் பார்த்தேன், தண்ணி ஊறியது. கையில் அள்ளி வாயில் வைத்தேன். இனிப்பு. கண்ணு, உப்பும் சாயமும் இறங்கிய மண்ணுக்கு அடியில் சர்க்கரை மாதிரித் தண்ணி. நான் என்ன நினைப்பேன்? ஊத்துக்குளிப் பக்கம் நான் நின்று காட்டாத கிணறு கிடையாது. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தால், நீரோட்டம் இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்கும். அந்தக் கை எனக்கு இருக்கிறது. தெருவைக் கூட்டி வைத்துக்கொண்டு நடந்தேன். அடுப்படிச் சுவர் ஓரம் வந்ததும் தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது. கட்டைவிரல் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

"ஏனுங்க மாமா, உங்க ஊட்டுல ஊத்து வந்திருச்சாமா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"ஊத்தா? ஆறே ஓடுது அம்மிணி. இன்னி நகராட்சி நம்மகிட்டத்தான் வந்து தண்ணி கேக்கோணும்."

உன் சித்தி சன்னலுக்குள்ளிருந்து, "தேங்கா நின்னுச்சுங்களா, நீங்க நிக்க வெச்சீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் ஊற்று என்று நான் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊற்று என்றால் நீ போட்ட பைப்பில் குறை இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தண்ணி வரும் என்று நான் கணித்தது சரிதான். எந்தத் தண்ணி என்பதில்தான் தவறிவிட்டது.

அவள் விழுந்த காலையில் நான் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாமளாபுரத்திலிருந்து தறி வைத்திருக்கிற ஒருவர் நம் ஊற்றைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தன் தோட்டத்துக்கும் பார்க்கச் சொல்லி வந்திருந்தார். அவரிடம் ஜெர்மன்காரர் அழுத கதையில் இருந்தேன். உள்ளே சட்டி விழுகிற சத்தம் கேட்டது. கதை முடிகிற இடம் என்பதால் ஒரு நிமிஷம் தாமதித்தேன். போய்ப் பார்த்தபோது குழாய்க்கு முன்னால் இருந்த டைல்ஸ் ஒன்று உள்ளே இறங்கிச் சாய்ந்திருந்தது. அவள் பக்கவாட்டில் கிடந்தாள். கத்தவில்லை. "துணிய இன்னைக்கு இன்னும் போடலீங்க" என்றாள். என்னால் தூக்க முடியவில்லை. திருடன் என்று நான் சொன்ன அந்த ஒரிசாப் பையன்தான் ஓடி வந்து, இன்னொருவனோடு சேர்ந்து, போர்வையில் கிடத்தித் தூக்கிப் போனான். ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனதும் அவன்தான். நான் முன்சீட்டில் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு போனேன். அவனுக்கு வழி தெரிந்திருந்தது.

இடுப்பு எலும்பு என்றார்கள். நீ வந்தாய். அவளை ஆபரேஷனுக்கு வைத்திருந்தபோது நீ என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தரையை உடைக்க ஆள் கூப்பிட்டாய். திருநெல்வேலிப் பக்கத்து ஸ்டீபன் வந்தான், பிளம்பர். வாய் என்னைவிட நீளம் அவனுக்கு.

"ஊத்துன்னு யாரு அண்ணாச்சி சொன்னது?"

"நாந்தானுங்க."

"நல்லாச் சொன்னிய போங்க. உங்க மொட்டமாடி டேங்க்ல இருந்து எறங்குத ஊத்துலா இது. மோட்டாரப் போட்டு ஏத்துதிய, கீழ விடுதிய, திரும்ப ஊத்துன்னு கும்பிடுதிய."

நீ சிரிக்கவில்லை. அவன் உடைக்க உடைக்க அடியில் மண்ணே இல்லை. ஓர் ஆள் படுக்கலாம் அந்தக் குழியில். சரி, ஓர் ஆடு படுக்கலாம். பைப் வளைகிற இடத்தில் இருந்த எல்போவை ஸ்டீபன் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. "பாத்தியளா, பசையே தொடல. சும்மா சொருவி வச்சிருக்கான்" என்றான். மூடாமல் தண்ணி விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடுங்கிக்கொண்டிருக்கும். நீ அந்த எல்போவை அவன் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். அதை இன்னும் வைத்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. வைத்திருந்தால் தூக்கி எறி.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பிறகுதான் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவளை ஐ.சி.யு.வுக்கு மாற்றிய அந்தக் காலையை நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை. நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். அவள் கண் திறந்தாள். கையை ஆட்டி என்னைக் குனியச் சொன்னாள். "பையன் எங்கீங்க?" என்றாள். கீழே போயிருக்கிறான் என்றேன். "அவங்கிட்ட சொல்லுங்க. தரை மேல ஒரு கொறையும் இல்லீங்க. அவம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. வெசனப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். நீ படியேறி வந்தபோது நர்ஸுகள் கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை. நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் கண்ணு. தெரிந்துகொண்டு வீட்டுக்கு வரவேண்டும்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். ஸ்டீபனை வைத்துப் புதுப் பைப் போட்டேன், இந்த முறை சுவரோடு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. குழியில் மண் கொட்டி இடித்தாயிற்று. தண்ணி விட்டு, குச்சி வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று, இறங்கவில்லை. பூட்டைக் கழற்றிவிட்டேன். பின்கதவு இடிக்காமல் சாத்திக்கொள்கிறது. ஆனால் தரை மட்டும் போடவில்லை. மண்ணாகவே இருக்கிறது. வெளியே அடுப்பு வைத்து ஆக்கிக்கொள்கிறேன், அன்றைக்கு அவள் சொன்னாளே அதுபோல. ஸ்டீபன் வரும்போதெல்லாம் கேட்கிறான்: "எப்பம்தான் மூடுவிய அண்ணாச்சி? பாம்பு வந்து குடியிருக்கவா?" பையன் வந்து தண்ணி விட்டுப் பார்க்கட்டும், பார்த்த பிறகு மூடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மண் காய்ந்திருக்கிறது. நீ செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார். எந்த இடமும் சில்லென்று இருக்காது. மருமகளையும் கூட்டி வா. டைல்ஸை அவள் தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்றால் பழையபடி சிவப்புத் தரையே போடுவோம்.

இதோடு முடித்திருக்க வேண்டும். முடித்து மடித்தும் வைத்துவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

நான் கதை சொல்கிறவன் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ என் கதையைக் கேட்டுவிட்டு உன் சித்தியிடம் ஓடி, "இதுல எது நெசமுங்க சித்தி?" என்று கேட்பாய். அவள் பிரித்துச் சொல்வாள். இப்போது பிரித்துச் சொல்ல அவள் இல்லை. அதனால் நானே சொல்லவேண்டியிருக்கிறது. பப்பாளியின் உயரத்தை நீ எப்படி வேண்டுமானாலும் குறைத்துக்கொள், ஜெர்மன்காரரை அழ வைக்காமலே விட்டுவிடு, எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலையில் அவள் கண் திறக்கவில்லை கண்ணு. ஊசி போட்டிருந்தார்கள். நீ கீழே போனதிலிருந்து மேலே வந்தது வரைக்கும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சுச் சத்தம் மட்டும்தான். உன்னைக் கேட்கவில்லை, தரையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றும் எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் தெரியாது.

பொய்யைச் சொல்லிக்கூட உன்னை வரவழைத்துவிடலாம் என்றுதான் எழுதினேன். நீ வருவாய், இந்த மண் தரையில் நிற்பாய், அவள் சொன்னதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பாய். அப்போது உன் முகத்தைப் பார்த்து அதையே இரண்டாம் முறை சொல்ல என்னால் முடியாது. அதனால் வருவதென்றால் இதைத் தெரிந்துகொண்டே வா. உன் மேல் தப்பு இல்லை என்று இந்த வீட்டில் சொல்வதற்கு என் வாய் ஒன்றுதான் மிச்சம். நான் சொல்கிறேன், உன் மேல் தப்பு இல்லை. போதுமென்றால் வா.

உன் சித்தப்பா